சிரிலின் பின்சீட்

நவம்பர் மாதம்... இரவு ஒன்பது தாண்டியிருக்கும். ஹாலிஃபாக்ஸ் ஊருக்கு மேற்கே, மேட்டுப் புல்வெளியைக் கடந்து போகும் சாலை. மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. கணப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள். நம்ம ஊர்த் தச்சன் ஜெத்ரோவின் தங்கை புருஷன் சிரிலுக்கு நடந்தது இது.

சிரிலுக்கு பஸ் என்றாலே இளக்காரம். பஸ்ஸில் போகிற மனிதர்கள் மேல் அதைவிட இளக்காரம். அவனிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. பந்தயக்காரர்கள் போல அதன் இஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுவான். அது எரிகிற வாசனைக்கே அவன் மோவாய் பெருமையில் மேலே ஏறிவிடும்.

அன்று மாமியார் வீட்டுச் சாப்பாடு முடிந்ததும், மனைவி ஹெஸ்டர் தொப்பியை எடுத்தாள்.

"முதுகு வலிக்குது. நான் பஸ்லயே வரேன்."

"அந்த ஆட்டுப்பட்டிலயா? போயேன், மகாராணி! ஈரக் கம்பளி நாத்தத்துல நல்லா உக்காந்து வா!"

"உன் தகர டப்பா பெருமையக் கேக்கறதுக்கு ஆட்டு நாத்தமே தேவல."

வாசலில் வண்டியின் முன்பக்கக் கார்பைடு வாயு விளக்கு எரியாமல் சண்டித்தனம் செய்தது. குனிந்து ஊதிக்கொண்டே இருந்தான். கதவு சாத்தும் சத்தம்... காலடி ஓசை... ஒருவழியாக விளக்கு எரிந்தது. வண்டியில் உட்கார்ந்து உதைத்தான். டப்... டப்... டப்.

"பிகு பண்ணினது போதும். ஏறுடி," என்றான், திரும்பிப் பார்க்காமலே.

பின்சீட் அமுங்கியது. இரண்டு கைகள் அவன் இடுப்பைச் சுற்றிக்கொண்டன. வழிக்கு வந்துவிட்டாள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

மேடு ஏற ஏற, அந்தக் கைகளின் குளிர் தோல் கோட்டைத் தாண்டி உள்ளே இறங்கியது.

"கையுறை எங்கடி?"

இன்னும் கோபம்போல...

பனிக்குள் ஒரு சிவப்பு விளக்கு தெரிந்தது. கடைசி பஸ். முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. ஹாரனை அழுத்திக்கொண்டு பக்கத்தில் போனான்.

"பாருடி உன் ஆட்டுப்பட்டிய!" என்று கத்தியபடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தான்.

உள்ளே ஹெஸ்டர் உட்கார்ந்திருந்தாள்.

அவனைப் பார்த்தாள். பிறகு அவன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். உதட்டைச் சுழித்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இடுப்பைச் சுற்றிய கைகள்... இறுகின.

சிரில் திரும்பவில்லை. நிறுத்தவும் இல்லை. கைப்பிடியை முறுக்கினான். ஊர் எல்லையில் முதல் தெருவிளக்கின் கீழ் வண்டி போனபோது பின்சீட் சட்டென்று லேசானது. அப்போதும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹெஸ்டர் வந்து சேர்ந்தபோது கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தான்.

"யாரு அந்தச் சிறுக்கி? பஸ்ஸே பாத்துச்சு! கொஞ்சமாவது வெக்கமிருக்கா? உன் முதுகுல மூஞ்சியப் பொதைச்சுக்கிட்டு..."

"மூஞ்சியப் பாத்தியா?" அவன் எழுந்தான். "ஹெஸ்டர்... நீன்னுதான் நெனச்சேன். சத்தியமா, நீன்னு நெனச்சுத்தான்..."

"புளுகாதே!"

கோட்டை அவன் மேலிருந்து பிடுங்கி, பெண்பிள்ளை முடி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று விளக்கடியில் விரித்தாள். முடி இல்லை. வயிற்றுப் பக்கம் இரண்டு கைத்தடங்கள், சேறும் ஈரமுமாக. தன் கையை ஒன்றின்மேல் வைத்துப் பார்த்தாள். அடுத்ததன்மேல் வைத்தாள். பிறகு மெதுவாக நகர்ந்து வந்து, அவனை ஒட்டி நின்றுகொண்டாள்.

இரண்டுமே இடது கை.