எட்டாம் நாள் பியர்

— வேணாம் முனாஸ் நானா. என்ட மனுசன்ட படையல்ல இந்தப் பியர வைக்க மாட்டன். திருப்பிக் கொண்டு போங்க.

— ஏன் தங்கச்சி? எட்டாம் நாளெண்டா செத்துப்போனவருக்கு விருப்பமான சாமான்தானே படைக்கிற? கோகிலன்ட மாமா செத்தப்ப அவருக்கு நீங்க சாராயம் வச்சத நானே கண்ட. இப்ப கோகிலனுக்கெண்டுதான் தொப்பியக் கழட்டிப் பொக்கற்றில வச்சிட்டு வரிசையில நிண்டு வாங்கின.

— அவருக்கு விருப்பமானது அந்தா இருக்கு. புட்டும் கணவாய்க் கறியும். மறுகா ஒரேஞ்ச் சோடா.

— பியரும்தானே தங்கச்சி. ஆறு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை தோணிக்குப் பின்னால ரெண்டு பேரும் இருந்து குடிச்சமே.

— ஓம். மறுகா வீட்ட வந்து தேசிக்காய்த் தோலச் சப்பிக்கொண்டு இருப்பார். வேப்பம்பட்டை அவிச்ச தண்ணி மாதிரியாம். வாய்க் கசப்புப் போகுதில்லையாம்.

— அவனா? முடறுக்கு முடறு “என்ன ருசி மச்சான்” எண்டு சொல்றவன்.

— நீங்க முதல்ல சொல்லுவீங்களாம். அதுக்குத்தான் அவரும் சொல்றவராம்.

— அவன்ட மனம் நோகக் கூடாதெண்டெல்லோ நான் சொன்ன.

— அப்ப உங்களுக்கு?

— வல்லாஹி, எனக்கு அந்த மணமே பிடிக்கா. தமிழ் முஸ்லிம் ரெண்டு பக்கத்து ஆக்களும் முகம் குடுத்துக் கதைக்காத நேரம் அவன் ஒரு டின்ன நீட்டினான். மாட்டனெண்டா முனாஸும் ஒதுங்கிட்டான் எண்டு நினைப்பானே. குடிச்ச. பொஞ்சாதிக்கு ஒளிச்ச. ஒவ்வொரு கிழமையும் என்ட பாவத்த மன்னிச்சிரு எண்டு அல்லாஹ்க்கிட்ட அழுது தௌபா கேட்ட. மறுகிழமை திரும்பவும் போன.

— அவர் அதத்தான் சொல்லுவார். “முனாஸ் தன்ட மார்க்கத்தயும் பாக்காம எனக்காக வாறான், நான் எப்படிக் கசக்குதெண்டு சொல்ற?” எண்டு.

— யா அல்லாஹ். அப்ப ஒராளுக்கும் வேணாமா இருந்திரிக்கி.

— அந்த வேணாத சாமானக் குடிச்சிட்டுத்தான் மோட்டார் சைக்கிள்ல வரக்குள்ள பஸ்ஸில அடிபட்டார்.

— ஒரு நாளாவது நான் வாயத் திறந்திரிக்கலாம். பிளேன்ரீ குடிச்சிட்டு இருந்திருப்பம், அவனும் இருந்திருப்பான். தங்கச்சி, நான்தான் அவனச் சாகடிச்ச. நீங்களும் அப்படித்தானே நினைக்கிறீங்க? சொல்லுங்க.

— நினைச்சன். நீங்க வந்தா மூஞ்சிக்கு நேரே கேக்கிறதெண்டு எட்டு நாளும் பாத்துக்கொண்டிருந்தன்.

— கேளுங்க. எனக்கு அதுவாவது வேணும்.

— ஏலாம கிடக்கு நானா. அண்டைக்கு அவர், போகமாட்டன், இண்டைக்கு அந்தக் கசப்பு ஏலா எண்டு பாய விரிச்சுப் படுத்தவர். நான்தான், “முனாஸ் நானா தனியப் பாத்துக்கொண்டிருப்பார், ஒழும்பிப் போங்க” எண்டு கொடியில கிடந்த சேட்ட எடுத்துக் குடுத்தன்.