தோட்டமா, வழியா?

— நான் கேக்கியது ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி. அந்த ஆளுகிட்ட இது வழியில்லன்னு நீங்க சொன்னியளா, இல்லியா?

— ஜாஸ்பர், மொதல்ல உள்ள வந்து இரி. வாசல்ல நின்னு கத்துனா ரோட்டுல போறவன் என்ன நெனப்பான்? கிருஷ்ணமணி வீட்டுல அடிதடின்னு நெனப்பான்.

— நெனச்சா நெனக்கட்டு. சொன்னியளா, இல்லியா?

— சொன்னேன். யாரோ ஒருத்தன் பைக்குல வந்தான். கையில டேப்பு, கழுத்துல கார்டு. சர்வேயர்னான். நான் என்னத்தக் கண்டேன்? தாலுகா ஆபீசுலேந்து நெலத்த அளக்க வந்திருக்கான்னு நெனச்சேன். இதுல வழி உண்டுமான்னு கேட்டான். வழியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, இது என் வாழத்தோட்டம்னு சொல்லி அனுப்பிட்டேன். நமக்குள்ள கேஸ் நடக்குல்லா மக்கா, பின்ன வேற என்னத்தச் சொல்லுவேன்?

— அவன் நெலத்த அளக்க வந்தவனில்ல. இன்சூரன்ஸ் சர்வேயர். பேரு சிஜின். எனக்க வண்டிக்கு என்ன கேடு வந்ததுன்னு பாக்க வந்தவன்.

— அத அவன்லா வெளக்கமா சொல்லணும்? சர்வேயர்னா சர்வேயர்தான்.

— நீங்க சொன்னத அப்படியே எழுதிட்டுப் போயிட்டான். ஆஃப் ரோடாம்.

— அப்படின்னா?

— ரோடு இல்லாத எடத்துல வண்டிய ஓட்டுனதுன்னு அர்த்தம். அடுத்தவனுக்க தோட்டத்துல, வெள்ளத்துக்குள்ள, நான் வேணும்னே வண்டியக் கொண்டு எறக்கினேனாம். அதுக்குத் தனியா ஒரு பாலிசி உண்டாம், அத நான் எடுக்கல்லியாம். பாலிசி எடுக்கும்ப ஒருத்தனும் இதச் சொல்லல்ல. கண்ணாடி ஒடஞ்சா உண்டு, கலவரத்துல எரிஞ்சா உண்டு, மரம் விழுந்தா உண்டுன்னு பாட்டாப் பாடுனானுவ. இப்பம் போன் செஞ்சா, தமிழுக்கு ஒண்ண அமுக்கு, இங்கிலீசுக்கு ரெண்ட அமுக்கு. அமுக்கி அமுக்கி எனக்க வெரலு தேஞ்சதுதான் மிச்சம். கடைசில ஒரு பொம்பள வந்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானதுன்னு சொல்லிட்டு வச்சிருவா.

— வண்டி புதுசுல்லா? கம்பெனி வாரண்டி காணுமே?

— அத ஏன் கேக்கிய. சர்வீஸ் சென்டருக்கு நடந்து நடந்து அந்த வாச்மேன் எனக்கு சொந்தக்காரன் மாதிரி ஆயிட்டான். உள்ள ரெனிஷான்னு ஒரு பிள்ள. தங்கமான பிள்ள, குரலு ஒசராது. சார், வாரண்டிங்கது கம்பெனி செஞ்ச தப்புக்கு, நீங்க வண்டியத் தண்ணிக்குள்ள விட்டது கம்பெனிக்க தப்பு இல்ல சார்ங்கா. ஏ பிள்ளே, உங்க வெளம்பரத்துல அந்த வண்டி ஆத்துக்குள்ள சாடிட்டுல்லா போவுது, அத நம்பித்தானே வாங்குனேன்னேன். அவ சிரிக்கவும் இல்ல, கோவப்படவும் இல்ல. அங்க செவுத்துல ஓடிட்டிருந்த டிவிய நிறுத்தி, அடியில காட்டுனா. எறும்பு போற மாதிரி ஒரு வரி. பழகின ஆளு, தனியான எடம், நீங்க செஞ்சு பாக்காதீங்கன்னு. கண்ணாடியப் போட்டுட்டுப் பாத்தும் எனக்கு முழுசாத் தெரியல்ல.

— நாலு சக்கரமும் இழுக்கும், மலையில ஏறும்னு நீதான மக்கா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்ச?

— நானா ஆசப்பட்டா வாங்கினேன்? நீங்க வழியில கல்லக் கொண்டு கொட்டுனீங்க. பழைய காரு அடிதட்டி அடிதட்டி நாசமாப் போச்சு. அந்தக் கல்லுல ஏறி எனக்க வீட்டுக்குப் போவணும்னு சொல்லித்தான் இந்த வண்டி. மஸ்கட்டுல வெயிலு கொண்ட பைசா மொத்தமும் அதுலதான் கெடக்கு.

— கொட்டல்ல. மதிலு கெட்டப் போட்டிருக்க கல்லு.

— சரி, மதிலுக்க கல்லு. எனக்கு இப்பம் அது வேண்டாம். நாளைக்கு சிஜின் மறுபடி வாறான். அவனுக்க காலப் பிடிக்காத கொறையாக் கெஞ்சி வரச் சொல்லியிருக்கேன். அடுத்த நெலத்துக்காரரு, இது எப்பவும் வண்டி போற வழிதான், அன்னைக்குத் தண்ணி கெட்டி நின்னதுன்னு சொன்னாரானா, ஆஃப் ரோட்ட வெட்டிட்டு விபத்துன்னு எழுதுயேன்னு சொல்லியிருக்கான். நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்.

— நிதானமாக் கேளு மக்கா. நான் என்ன சொல்லுகேன்னா, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான நீயும் நானும் குழித்துறை கோர்ட்டுல ஏறி எறங்குகோம்? வழின்னு நான் என் வாயால சொல்லிட்டேன்னா, அத உன் வக்கீல் தூக்கிட்டுப் போயி ஜட்ஜுக்க மேசையில வைப்பான். பொறவு எனக்குத் தோட்டம் எங்க?

— நான் வக்கீலுகிட்ட மூச்சு விடமாட்டேன். கர்த்தர் மேல சத்தியமாச் சொல்லுயேன்.

— நீ விடமாட்ட. பேப்பர்ல ஏறினா அது உன் வாயும் இல்ல, என் வாயும் இல்ல.

— அப்பம் என்னதான் செய்யச் சொல்லுதிய?

— ஒண்ணு செய்யி. கேச நீ விடு. வாபஸ் வாங்கிட்டேன்னு எழுதிக் குடு. வண்டிக்கு ஆவுற செலவுல நான் ஒரு பாதி தாறேன். நான் அப்படி ஒண்ணும் நன்றி கெட்டவன் இல்ல.

— வழிய உங்களுக்குத் தந்துட்டு, நான் வண்டிய வீட்டுக்கு எதுல கொண்டுபோவேன்? ஹெலிகாப்டர்லயா?

— பேச்சுக்குப் பேச்சு பேசினா காரியம் ஆவாது.

— காரியமா? அண்ணாச்சி, அன்னைக்கு ஞாயிறாச்ச, நாங்க சபையிலேந்து ரப்பர் தோட்டத்துல குறுக்கே நடந்து வீட்டுக்கு வந்தோம். மழையின்னா அப்படி ஒரு மழ. சபைக்குப் போட்ட வெள்ளச் சட்டைய நான் கழத்தக்கூட இல்ல. உங்க தோட்டத்துக்க மேல்பக்கம், எனக்க வேலி ஓரத்துல, வடிவு மைனி கெடக்கா. அணலிப் பாம்பு கடிச்சு காலு வீங்கித் தடிச்சு கெடக்கு. நீங்க தலையில கைய வச்சிட்டு, ஐயோ ஐயோன்னு சுத்திச் சுத்தி வாறிய. அந்த நேரத்துல நான் கேச நெனச்சேனா? கல்லு போட்டவருக்க பொஞ்சாதின்னு நெனச்சேனா?

— நெனச்சன்னு நான் சொன்னேனாலே?

— தூக்கி வண்டியில கெடத்தினேன். சேறும் ரத்தமுமா புது சீட்டு. நீங்களும் பின்னால ஏறினிய. வழி திரும்புற வளவுல தண்ணி மூடிக் கெடந்து. எப்பவும் முட்டளவு நிக்கிய எடந்தானே, போயிரலாம்னு எறக்கினேன். முன்சக்கரம் ரெண்டும் பொத்துன்னு கீழ போச்சு. மூக்கு குத்தி நின்னுட்டு. நான் பயந்துபோயி ஆக்ஸிலேட்டர சவுட்ட, எஞ்சின் தண்ணிய மொத்தமும் உள்ள இழுத்துட்டு. ஒரு சத்தம் கேட்டுது பாத்தியளா, இரும்பு எலும்பு ஒடஞ்ச மாதிரி. அதோட சரி. பொறவு மைனியத் தோள்ல போட்டுட்டு உங்க வீட்டு முற்றத்தக் கடந்து ரோடு வர நான் ஓடினேன்.

— அது எனக்குத் தெரியாதா மக்கா? ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னாரு, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா வடிவு இல்லன்னு. சோத்துல கைய வைக்கும்போ உன் மொகந்தான் தெரியும்.

— மொகம் தெரிஞ்சு என்ன செய்ய? வாயில வார்த்த வரல்லியே.

— அது வேற, இது வேற.

— இன்னொரு காரியம் உண்டு. கேக்காண்டாம்னு நெனச்சுட்டுத்தான் வந்தேன். இப்பம் கேக்கியேன். தண்ணி வடிஞ்ச பொறவு சிஜின் அந்தக் குழிக்குள்ள எறங்கிப் பாத்தான். வெள்ளம் அரிச்ச குழி இப்படி நேரா வெட்டுன மாதிரி இருக்காதுங்கான். ஓரத்துல ஜேசிபிக்க பல்லு பதிஞ்ச பாடு உண்டுங்கான்.

— எவன் அவன்? மண்ணப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?

— அவனுக்கு மண்ணத் தெரியாது. எனக்குத் தெரியும். சனியாச்ச சாயங்காலம் நான் அதுல வண்டி ஓட்டிட்டுதான் வீட்டுக்கு வந்தேன். குழி இல்ல. ஞாயிறாச்ச காலத்த நாங்க வீட்டப் பூட்டிட்டு எல்லாரும் சபையில. மத்தியானம் குழி உண்டு. எடையில மழ மட்டுந்தான் பெஞ்சுதா அண்ணாச்சி?

— ஏலே! என்ன கேக்கன்னு தெரிஞ்சுதான் கேக்கியா? கேஸ் முடியுவர ஒரு மண்வெட்டி வைக்கக்கூடாது, இருந்தபடியே இருக்கணும்னு கோர்ட்டு உத்தரவு போட்டிருக்கு. அத மீறினா உள்ள தூக்கிப் போடுவான். இந்த வயசுல எனக்கு ஜெயிலு களி வேணுமா?

— அதனாலதான் நாங்க இல்லாத நேரமாப் பாத்து...

— நிறுத்துலே. கொஞ்சம் யோசிச்சுப் பேசு. அந்த வண்டிக்குள்ள நானும்லா இருந்தேன்? என் பொஞ்சாதிக்க தல என் மடியில கெடக்கு. அவளுக்குக் கண்ணு சொருகுது, வாயில நொர வருது. நான் வெட்டுன குழியா இருந்தா, அதுல கொண்டு அவள எறக்க விடுவேனா? வண்டிய நிறுத்துன்னு ஒரு வார்த்த சொல்லமாட்டேனா? நான் மனுசனா, மிருகமா?

— நான் அப்படிச் சொல்லல்ல அண்ணாச்சி...

— சொல்லு. இவ்வளவு நேரம் பேசுனல்லா? இப்பம் சொல்லு.

— இல்ல. அது சரிதான்.

— உனக்க வண்டி போச்சுன்னு உனக்கு வெப்ராளம். அது எனக்குப் புரியுது. அதுக்காவ ஒரு மனுசனப் பாத்துக் கேக்கக்கூடிய கேள்வியா இது?

— தப்புதான் அண்ணாச்சி. உறக்கமில்ல, ஒண்ணுமில்ல. இன்சூரன்ஸ்காரன் கம்பெனியக் கைகாட்டுயான், கம்பெனிக்காரன் இன்சூரன்சக் கைகாட்டுயான், வீட்டுல பொஞ்சாதி பெமிலா எனக்க மொகத்தப் பாக்கமாட்டேங்கா. வாயில என்ன வருதுன்னே தெரியல்ல. மனசுல வைக்காதீங்க.

— வைக்கல்ல. போ, போயி ஒரு நல்ல வக்கீலப் பாத்து இன்சூரன்ஸ் மேல ஒரு கேஸ் போடு.

— இன்னொரு கேஸா? ஆண்டவரே. சரி, வாறேன்.

— யாரு, ஜாஸ்பரா வந்திருக்கது?

— மைனி, எதுக்கு எந்திரிச்சு வாறிய? கால ஊணலாமா?

— கம்ப ஊணிட்டுதான் வாறேன். மேல ஓட்டையும் பல்லியையும் பாத்துப் பாத்து எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும் போல இருக்கு. நீ இரி. வெறும் வயித்தோட போவாத.

— வடிவு, டாக்டர் உன்னப் பேச்சுகூடக் கொறைக்கச் சொல்லியிருக்காருல்லா? உள்ள போ.

— டாக்டர் காலத்தான் சொன்னாரு, வாயச் சொல்லல்ல. மக்கா ஜாஸ்பர், வண்டி சரியாயிட்டுன்னுல்லா இவரு என்கிட்ட சொன்னாரு?

— இல்ல மைனி. ஷெட்டுல கெடக்கு. எஞ்சின மாத்தணும். இன்சூரன்ஸ் கெடைக்காதுன்னு சொல்லிட்டானுவ.

— ஏன் கெடைக்காதாம்?

— அது வழியில்லியாம். தோட்டமாம்.

— யாரு சொன்னது?

— அதெல்லாம் உனக்கு எதுக்கு? கோர்ட்டுக் காரியம்.

— ஜாஸ்பர்கிட்ட கேக்கேன். யாரு சொன்னது?

— விடுங்க மைனி. அண்ணாச்சி நெலமையும் எனக்குப் புரியுது. மழையில குழி விழுந்துட்டு, எனக்க கஷ்டகாலம், அதுக்குள்ள போயி நான் விழுந்தேன். யாரையும் சொல்லி என்ன?

— மழையில குழி விழுந்துட்டா?

— வடிவு, தலசுத்தும். போயிப் படு.

— படுத்துப் படுத்து இதத்தான் யோசிச்சேன். பேசாம இருந்திரலாம், பொழச்சுட்டோம்லா, இந்த வயசுல எதுக்குன்னு நெனச்சேன். அந்த இன்சூரன்ஸ் ஆளு எப்பம் வாறான் மக்கா?

— நாளைக்குக் காலத்த.

— வந்தா நேரா என்கிட்ட கூட்டிட்டு வா. ஞாயித்துக்கிழம காலம்பற ஜேசிபிக்காரனுக்கு சாயா போட்டுக் குடுத்தது நான்.

— அவளுக்கு வெசம் தலைக்கு ஏறினதுல நெனவு தப்பிட்டு மக்கா. அன்னையிலேந்து இப்படித்தான் என்னத்தையாவது...

— எனக்கு நெனவு தப்பல்ல. வண்டி வளவு திரும்பும்போ தப்பல்ல. முன்னால குழி கெடக்கு, நிறுத்து மக்கான்னு சொல்லுகதுக்கு வாயத் தொறந்தேன், ஜாஸ்பர். இவரு என் வாயப் பொத்திட்டாரு.