வெறும் பாட்டில்

எழுதிக்குங்க தம்பி. ஆனா இந்தக் கைராசிக் கதைய நான் வருஷக்கணக்கா நம்பலங்கிறதையும் சேத்து எழுதிக்குங்க. விழா மலருக்குப் புளிக்குமா? புளிக்கட்டும்.

ஆமா, பாராட்டு வாங்க மேடையில உக்காந்திருக்கிறவர் என் மச்சான்தான். நானும் அதே ஆராய்ச்சிக்கூடம்தான், பக்கத்து ரூம். பொறாமையாடான்னு நானே என்னை எத்தனையோ தடவை கேட்டுப் பாத்துட்டேன். அதனாலதான் இத்தனை நாள் வாயத் தெறக்கல.

கீரையிலேர்ந்து ஒரு புரதத்தப் பிரிச்சு, அதுல பிளாட்டினம் தூள ஒட்டி, பாட்டில்ல மூடி வெயில்ல வச்சா ஹைட்ரஜன் வரும். எரிபொருள். வருது, நெசந்தான். துளியூண்டு. அவருக்கு மட்டும் குடம் குடமா வந்துச்சு! கைராசின்னாங்க. அவர் கை பட்டாத்தான் வரும்னு கூட இருக்கிறவங்க கும்பிடாத குறை. கைராசி என்னய்யா கைராசி, இது என்ன முதல் போணியா?

அவர் பாட்டில மூடுறது காத்துப் புகாத கண்ணாடிப் பொட்டிக்குள்ள. மிச்சம் மீதி ஆக்சிஜனப் போக்குறதுக்கு அந்தப் பொட்டியிலயே கொஞ்சம் ஹைட்ரஜன் விட்டு வச்சிருப்பாங்க. புரியுதா? மூடும்போதே அந்த ஹைட்ரஜன் பாட்டிலுக்குள்ள போயாச்சு. அப்புறம் வெயிலென்ன, கீரையென்ன!

அவர்கிட்ட ஒரு பொண்ணு ஆராய்ச்சி பண்ணுச்சு. அது பாட்டில வெளிய எடுத்து, சுத்தமான நைட்ரஜன ஊதிட்டுத்தான் மூடும். அதுக்குத் துளிதான் வந்துச்சு. அத்தனை பேர் முன்னாடியும் சொன்னாரு, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு. உனக்குக் கைராசி இல்லம்மா, வேற வேலை பாருன்னு. பாத்துக்கிச்சு. இப்ப மூக்குக்கண்ணாடிக் கடையில வர்றவங்களுக்கு பிரேம் மாட்டி விடுது.

தண்ணி வேணாம். நீங்க குடிங்க.

நேத்து எனக்குச் சாப்பாடு போட்டுக்கிட்டே, பேச்சுவாக்குல சொல்லுது. புரதமே போடாம வெறும் பாட்டில அந்தப் பொட்டிக்குள்ள மூடி அளந்தேம்ப்பா, அதுலயும் வந்துச்சு, மாமாகிட்ட அப்பவே காட்டினேன்னு.

ஆமா தம்பி. என் பொண்ணுதான்.

காலையில அவர் விழாவுக்குக் கிளம்பி சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கிட்டிருந்தாரு. நேரா போய் நின்னேன். ஒண்ணுதான் கேட்டேன். மச்சான், என் பொண்ணுக்குக் கைராசி இல்லன்னீங்களே, அது அந்த வெறும் பாட்டிலப் பாக்குறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?