நடுப்பெட்டி

— வண்டிய எடுங்க.

— பில் போட்டாச்சா?

— பில்லும் போடல, ஒரு மண்ணும் போடல. வண்டிய எடுங்கன்னு சொன்னேன்.

— ஏன்... எந்த ஸ்பீக்கர் செட்டும் பிடிக்கலையா? நாலு செட்டு போட்டுக் காட்டுறேன்னு சொன்னாரே அந்த சேல்ஸ்மேன்.

— காட்டுனாரு. நல்லாவே காட்டுனாரு. நீங்க எங்க போய்த் தொலைஞ்சீங்க? போன் பேசிட்டு ரெண்டு நிமிஷத்துல வர்றேன்னு போன மனுஷன், முக்கா மணி நேரமா ஆளையே காணோம்.

— வேலை போன்மா. ஒரு ஆஸ்பத்திரியில லிப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோச்சு. உள்ள ரெண்டு பேரு. பதட்டப்படாதீங்க, மூச்ச மெதுவா விடுங்க, இப்ப கதவு தொறந்துரும்னு...

— அது அவங்களுக்குச் சொன்னதா, எனக்குச் சொல்றதா?

— ரெண்டு தரப்புக்கும்தான்.

— லிப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககிட்ட பேசுற மாதிரி எங்கிட்ட பேசாதீங்க. ஏற்கெனவே பத்திக்கிட்டு வருது எனக்கு.

— சரி, சரி. கதவ மெதுவா சாத்து, கண்ணாடி ஆடுது. தண்ணி குடி. என்ன நடந்துச்சுன்னு சொல்லு, அப்புறம் கிளம்பலாம்.

— என்னத்தச் சொல்ல? கண்ணாடிக் கதவு போட்ட ஒரு ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போனாரு. சுவரெல்லாம் பஞ்சு வச்சு அடைச்சது. உள்ள பேசினா வெளிய கேக்காது, வெளிய இடியே விழுந்தாலும் உள்ள கேக்காது.

— உனக்குப் பழகின ரூம்தானே.

— பழக்கம்தான். பதினாலு வருஷமா அந்த மாதிரி ரூமுக்குள்ளதானே ஹெட்போன மாட்டிக்கிட்டு, கால் கடுக்க நின்னு, கண்டவங்க வாயசைக்கிறதுக்கெல்லாம் குரல் குடுத்துட்டு இருக்கேன். இங்க என்னடான்னா சோபா போட்டிருக்காங்க. எனக்கு முன்னாடியே ஒரு குண்டு மனுஷரும் அவர் சம்சாரமும் உக்காந்திருந்தாங்க. அவங்களும் செட்டு வாங்க வந்தவங்கதான்.

— சரி.

— முதல்ல ஒரு சண்டைப் படம் போட்டாரு. மூலையில அடுப்பு சைசுக்கு ஒரு பெட்டி. அதுலேருந்து குண்டு வெடிக்குது. "அதிருதா மேடம், அதிருதா மேடம்"னு கேட்டுக்கிட்டே இருக்காரு. அதிருதுப்பா, கடவாய்ப் பல்லு வரைக்கும் அதிருது. அதுக்கு இப்ப என்ன பண்ணணும்?

— அது சப்வூபர்மா. எல்லாரும் அதத்தான் கேப்பாங்க.

— எல்லாரும் கேக்கட்டும். நம்ம வீட்டு ஹால்ல எதுக்குங்க குண்டு வெடிக்கணும்? நான் கேட்டேன், "தம்பி, இதுல மனுஷங்க பேசுறது எந்தப் பெட்டியில வரும்?"னு. டிவிக்குக் கீழ ஒண்ணக் காட்டுனாரு. டிபன் டப்பா சைசுல இருக்கு. சென்டர் ஸ்பீக்கராம். பேச்சு மொத்தமும் அதுலதான் வருமாம்.

— ஆமா, நடுப்பெட்டி.

— என்னங்க இது அநியாயம்? கார் போற சத்தத்துக்கு ரெண்டு பெட்டி, பின்னாடி மழை பெய்யறதுக்கு ரெண்டு பெட்டி, குண்டு வெடிக்க அடுப்பு சைசுக்கு ஒண்ணு. பேசுறவங்களுக்கு மட்டும் டிபன் டப்பாவா? "பேச்சுக்கு நல்ல பெட்டியா காட்டுங்க தம்பி"ன்னேன். அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா?

— என்ன சொன்னாரு?

— "பேச்ச யாரு மேடம் கேக்கறா, கீழதான் எழுத்து ஓடுதே"ங்கறாரு.

— ஐயையோ.

— சிரிக்காதீங்க.

— சிரிக்கல... இருமல். அப்புறம் வேற படம் ஏதாவது போட்டுக் காட்டலையா? பேச்சு இருக்கிற படமா?

— போட்டாரு.

— எந்தப் படம்?

— நீங்க எதுக்கு இவ்வளவு ஆர்வமா கேக்கறீங்க?

— சும்மாதான். எந்தப் படம்னு கேட்டேன்.

— அந்தப் படம்தான். வேற எது? ஊரெல்லாம் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுதே, அந்தப் படம். அதுலயும் எந்த சீன்? பஸ் ஸ்டாண்டு சீன். அக்காக்காரி தம்பிய அனுப்பி வைக்கிறாளே, அது.

— ஓ... எப்படி இருந்துச்சு கேக்க?

— எப்படி இருந்தா என்ன?

— இல்ல, நல்ல பெட்டியில...

— நல்லாத்தான் இருந்துச்சு. மூச்சு வாங்குறதுகூட தனியாக் கேட்டுச்சு. "போ"ங்கறதுக்கு முன்னாடி எச்சில முழுங்குவேன், அதுகூட. அந்த சீனுக்கு எத்தன தடவ பேசினேன்னு உங்களுக்கே தெரியும். படப்பிடிப்புல, நடிச்ச அந்தப் பொண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிக்கிட்டு நின்னுருக்கு. நாப்பத்தேழு வரைக்கும் எண்ணுச்சு. அந்த நாப்பத்தேழுக்குள்ள நான் ஒரு அழுகைய அடைக்கணும். உதடு ஒட்டுற இடத்துல ஒட்டணும், திறக்கிற இடத்துல திறக்கணும். ரெண்டு நாள் வெந்நி குடிச்சே கிடந்தேன்.

— தெரியும்மா.

— சீன் முடிஞ்சுது. அந்த சம்சாரம் மூக்க உறிஞ்சுறாங்க. அந்த மனுஷர் கண்ணாடிய கழட்டித் துடைக்கிறாரு. "இந்தக் குரலுக்காகவே இன்னொரு தடவ பாக்கலாம்"னாரு. எனக்கு... சரி, அத விடுங்க.

— ஏன் விடணும்? சொல்லு.

— எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. யாரும் இப்படி எம் முன்னாடி சொன்னதில்லையே. அப்பதான் அந்த சேல்ஸ்மேன் வாயத் திறந்தாரு. "சொந்தக் குரல் சார். டப்பிங்கே கிடையாது. ஒரு வருஷம் வாத்தியார் வச்சு மொழி கத்துக்கிட்டு அவங்களே பேசியிருக்காங்க. பேட்டியில சொன்னாங்களே, பாக்கலையா?"

— அந்தப் பேட்டி எனக்கும் தெரியும். உங்கிட்ட காட்ட வேண்டாம்னு விட்டுட்டேன்.

— நான் எப்பவோ பாத்துட்டேன். கன்னத்துல கை வச்சுக்கிட்டு, "ழகரம்தான் ரொம்பக் கஷ்டப்படுத்துச்சு"ங்குது. எது? எண்ணிக்கையில எங்கடி ழகரம் வந்துச்சு? ஏழுல வந்துச்சா?

— மெதுவா. பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பாக்கறாரு.

— பாக்கட்டும். கோபம் வராம என்ன பண்ணும்? படம் முடிஞ்சு பேரு ஓடுது. டீ வாங்கிக் குடுத்தவர் பேரு இருக்கு. நாய் பழக்குனவர் பேரு இருக்கு. அந்த நாயோட பேரும் இருக்கு. என் பேரு எங்க? வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. மீறினா கேஸ். அப்புறம் எந்த ஸ்டூடியோவும் கூப்பிடாது. பெத்த அம்மாகிட்டகூட சொல்லல நான். உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

— என் தங்கச்சிக்குக்கூட சொல்லலையே நாம.

— அவளைப் பத்திப் பேசாதீங்க. தியேட்டர்ல என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாளே, ஞாபகம் இருக்கா? "அண்ணி, குரல்னா இது குரல். நீங்களும்தான் வீட்டுல நாள் பூரா கத்துறீங்க"ன்னாளே. எந்திரிச்சு வெளிய போயிட்டேன்.

— அவளுக்கென்ன தெரியும், பாவம்.

— எல்லாரும் பாவம். நான் ஒருத்திதான் பாவம் இல்ல.

— சரி... சேல்ஸ்மேன் அப்படிச் சொன்னாரு. நீ என்ன சொன்ன?

— நான் என்னத்தச் சொல்ல? பல்லக் கடிச்சுக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

— வேற ஒண்ணும் சொல்லலையா?

— இல்ல.

— ஒரு வார்த்தகூட?

— இல்லன்னு சொல்றேன்ல. வண்டிய எடுங்க.

— மேடம்... மேடம், ஒரு நிமிஷம். நல்லவேளை, நீங்க கிளம்பல. குடைய சோபாவுலயே விட்டுட்டு வந்துட்டீங்க.

— நன்றி தம்பி. வச்சிட்டுப் போங்க.

— அவங்க ரெண்டு பேரும் இன்னும் உள்ளதான் மேடம் உக்காந்திருக்காங்க. செட்டு பாக்கவே இல்ல. உங்கள ஒரு தடவ...

— குடைக்கு நன்றின்னு சொல்லிட்டேன் தம்பி.

— சரிங்க மேடம். அப்புறம்... நடுப்பெட்டி பெருசா வர்ற செட்டு ஒண்ணு ஸ்டோர்ல இருந்துச்சு. எடுத்து வெளிய வச்சிட்டேன். சார், நீங்களும் வந்து பாருங்க சார். போன வாரம் எங்க லிப்ட சரி பண்ண வந்தப்ப நீங்க சொன்ன அதே சீனத்தான் சார் போட்டேன். மேடத்துக்குக் கோபம் வரும்னு எனக்குத் தெரியாது சார், சத்தியமா.

— சரிப்பா, சரிப்பா. நீ போ.

— வர்றேன் சார். வர்றேன் மேடம்.

— போன வாரம் லிப்ட சரி பண்ணப் போனீங்களா?

— அது... ஆமா. கயிறு மாத்த வேண்டியிருந்துச்சு.

— கயிறு மாத்தினீங்க. எனக்குக் கயிறு திரிச்சீங்க. அந்த சீனப் போடச் சொன்னது நீங்களா?

— சீனத்தான் போடச் சொன்னேன். சொந்தக் குரல், வாத்தியார், அதெல்லாம் அந்தப் பையனாச் சேத்துக்கிட்டது. நீ யாருன்னும் நான் சொல்லல.

— எதுக்கு? எதுக்குங்க இந்த வேலை?

— நீ அந்த சீன முழுசா ஒரு தடவகூடக் கேட்டதில்ல. ஸ்டூடியோவுல துண்டு துண்டாப் பேசின. தியேட்டர்ல பாதியில எந்திரிச்சுப் போயிட்ட. வீட்டு டிவியில கேட்டா தகர டப்பாவுக்குள்ள யாரோ மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. நல்ல பெட்டியில, என் தங்கச்சி பக்கத்துல இல்லாம, நீ உக்காந்து ஒரு தடவ கேக்கணும்னு நினைச்சேன். அவ்வளவுதான்.

— அத வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே.

— சொன்னா நீ வந்திருப்பியா?

— ...வந்திருக்க மாட்டேன். அப்ப ஆஸ்பத்திரி லிப்ட்?

— அது நேத்து.

— அடப்பாவி மனுஷா. அப்ப இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க?

— கண்ணாடிக் கதவுக்கு வெளிய. வாஷிங் மிஷினுக்குப் பின்னாடி. நீ கிளம்பினதும் உனக்கு முன்னாடி ஓடி வந்து வண்டியில உக்காந்துட்டேன்.

— ...எல்லாத்தையும் பாத்தீங்களா?

— பாத்தேன். கேக்க முடியல. படத்த நிறுத்தியிருந்தாங்க. அந்தப் பொண்ணு திரையில அப்படியே நிக்குது. நீ சோபாவ விட்டு எந்திரிச்ச. கையப் பின்னால கட்டிக்கிட்ட. உன் வாய் அசைஞ்சுது. ரொம்ப நேரம் அசைஞ்சுது. என்ன சொன்ன?

— விலை கேட்டேன்.

— விலை கேட்டதுக்கா அந்த அம்மா எந்திரிச்சு வந்து உன் கன்னத்தத் தொட்டாங்க? சொல்லும்மா. நான் உன்ன ஏதாவது சொல்லப் போறேனா?

— அந்தப் பையன் சிரிச்சுட்டான். "அது அவங்க குரல் இல்ல"ன்னு ஒரு வார்த்ததான் சொன்னேன். "உங்களுக்கு எப்படி மேடம் தெரியும், நீங்க என்ன பக்கத்துல நின்னு கேட்டீங்களா"ன்னு சிரிச்சான். எனக்கு என்ன வந்துச்சுன்னு தெரியல. எந்திரிச்சு நின்னு பேசிட்டேன். "போடா. பஸ்ஸு ஏறினதும் திரும்பிப் பாக்காத. நீ பாத்தா நான் உன்ன விட மாட்டேன், நான் விடலன்னா நீ எதுவாவும் ஆக மாட்ட. போ." முழுசாப் பேசினேன். மூச்சு மாறாம, அந்த எச்சில் முழுங்கலோட. மைக்கும் இல்ல, ஹெட்போனும் இல்ல. ஏன் கண்ணத் துடைக்கறீங்க?

— தூசி. ஏசில தூசி. அப்புறம்?

— அப்புறம் என்ன? அந்தப் பையன் ரிமோட்ட கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்கறான். அந்த மனுஷர்தான், "அம்மா, உங்க பேரு என்ன"ன்னாரு. கேட்டவருக்குப் பொய் சொல்லவா? சொல்லிட்டேன். சொன்ன அப்புறம்தான் பயம் வந்துச்சு. குடைகூட எடுக்காம ஓடி வந்தேன்.

— நல்லா பண்ணின.

— நல்லா பண்ணினேனா? உங்களுக்குக் கோபம் இல்லையா?

— எனக்கு என்ன கோபம்? ஆனா அந்தப் பேப்பர்... கடை முழுக்க ஆளு. யாராவது வெளிய சொல்லி, அது அந்தப் படக் கம்பெனி ஆபீஸ் வரைக்கும் போச்சுன்னா? ரெண்டாம் பாகம் எடுக்கறாங்களாம், உன்னத்தான் கூப்பிடுவாங்கன்னு சொல்லிட்டிருந்தியே. அந்த வாய்ப்பு போயிருமே.

— அது காலையிலயே போயிருச்சுங்க. நீங்க குளிக்கும்போது ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு. அதே பேப்பர், அதே கையெழுத்து, சம்பளம் மட்டும் ரெண்டு மடங்கு. பேரு போட்டா வர்றேன், இல்லன்னா வேற தொண்டையப் பாத்துக்கங்கன்னு வச்சிட்டேன். நீங்க இவ்வளவு ஆசையா செட்டு வாங்கக் கூட்டிட்டு வந்தீங்களேன்னுதான் வாயத் திறக்கல.