சுடாத கண்ணாடி

என் பெயர், கணவர் பெயர், வீட்டு எண் எல்லாம் முதல் தாளில் எழுதியிருக்கிறபடி சரி. வயது நாற்பத்தாறு. பிஸ்கட் கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தில் பத்தொன்பது வருடமாகச் சமைக்கிறேன், ஒரு வேளைக்கு முந்நூறு பேர். கணவர் மருந்துக் கிடங்கில் சரக்கு எழுத்தர். அவருடைய அக்கா இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டில் இருப்பார். என் கணவரின் வலது உள்ளங்கை வெந்துபோனதை நான் திட்டம் போட்டுச் செய்ததாகவும், அடுப்பின் எச்சரிக்கை விளக்கை நானே பட்டை ஒட்டி மறைத்ததாகவும் அந்த அக்கா கொடுத்த புகாரின் பேரில் காவல் நிலையத்தில் விசாரிக்கப்பட்டு நான் சொல்வதாவது.

என் கணவருக்கு எதன் மீதும் காகிதப் பட்டை ஒட்டி, அதில் எழுதி, தேதி போட்டு, சுருக்கக் கையெழுத்து வைக்கிற பழக்கம் உண்டு. கிடங்கில் அது வேலை. வீட்டில் அது வியாதி. உப்பு டப்பாவில் உப்பு என்று எழுதித் தேதி போட்டிருப்பார். குளியலறை வாளியில் ‘குளிக்க மட்டும்’ என்று இருக்கும். சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடுகிறது, அதைத் திருப்பி வைக்காமல் ‘இரண்டு நிமிடம் அதிகம்’ என்று எழுதி அதன் மேலேயே ஒட்டியிருக்கிறார். தெருவில் அவரை விஞ்ஞானி என்று கூப்பிடுவார்கள். அது கிண்டல் என்று இன்று வரை அவருக்குத் தெரியாது.

ஏழு மாதத்துக்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு நாலு வட்டம் உள்ள இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி மேடையில் பதித்தார். அதன் பிறகு கையில் ஒரு காந்தத்தை வைத்துக்கொண்டு என் சமையலறையில் இருந்த ஒவ்வொரு பாத்திரத்தையும் தொட்டுப் பார்த்து, ஒட்டாததையெல்லாம் ‘தகுதியற்றது’ என்று பட்டை ஒட்டி வரிசையாகத் தரையில் வைத்தார். இருபத்திரண்டு பாத்திரம். அவ்வளவையும் அவருடைய அக்கா பட்டையோடு தூக்கிக்கொண்டு போனார். அக்கா வீட்டில் இன்றைக்கும் கேஸ்தான். அடுப்போடு வந்த குறிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, ‘படித்தாயிற்று’ என்று ஒட்டி அலமாரியில் வைத்தார்.

அடுப்பைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். தீ கண்ணுக்குத் தெரியாததால் முதல் பத்து நாள் எதையாவது அடிப்பிடிக்க விட்டேன். அதன் பிறகு பிடிபட்டுவிட்டது. வெங்காயத்துக்கு ஆறு, பால் பொங்காமல் காய நாலு, வாணலியை முதலில் ஏழில் வைத்தால் மெல்ல உறுமும், அந்த உறுமல் அடங்கினால் எண்ணெய் ஊற்றலாம். துடைக்க ஒரு ஈரத்துணி போதும். சொன்ன பேச்சைக் கேட்கிற ஒன்று அந்த வீட்டுக்குள் வந்ததில் எனக்குச் சந்தோஷமே.

அந்த அடுப்பில் வட்டத்துக்கு ஒன்றாக நாலு சிறு சிவப்பு விளக்கு ஒரே வரிசையில் உண்டு. அணைத்த பிறகும் அடுப்பின் மேல்பரப்பான கண்ணாடி ஆறும்வரை அவை எரியும். தொடாதே, சூடு இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். குறிப்புப் புத்தகத்தின் ஐந்தாம் பக்கத்தில் படம் போட்டே இருக்கிறது, நான் படித்தேன். என் கணவர், அணைத்த அடுப்பில் விளக்கு எரிவது மின்சாரத்துக்குக் கேடு, கம்பெனிக்காரன் செய்த பிழை என்று தீர்மானித்து, நாலு விளக்கையும் சேர்த்து ஒரே பட்டையால் மறைத்தார். நான் சொல்லிப் பார்த்தேன். “பாத்திரம்தான் சுடும், கண்ணாடி சுடாது. இது காந்தம், உனக்கு விளங்காது” என்றார். அதன் பிறகு எனக்கு மணிக்கட்டில் ஒரு தடவை, சுண்டுவிரலில் ஒரு தடவை சுட்டது. விரலைக் காட்டினேன். பாத்திரத்தில் சுட்டுக்கொண்டு பழியைக் கண்ணாடி மேல் போடுகிறேன் என்று அவர் சொல்ல, அக்கா சிரித்தார். அன்றிலிருந்து நான் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்துப் பார்த்துத்தான் கண்ணாடியைத் தொடுவேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் இந்த அடுப்பைக் காட்டாமல் விடமாட்டார். அவருக்குத் தெரிந்த சமையல் வெந்நீர் மட்டுமே. முன்பக்கம் வலது வட்டத்தில், எரியாது என்று காட்ட ஒரு தாளை விரித்து, அதன் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துக் கொதிக்க விடுவார். தண்ணீர் கொதிக்கும்போது பக்கத்தில் இருக்கிற இடது வட்டத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்து, வந்தவர்கள் முகத்தை ஒவ்வொருவராகப் பார்ப்பார். இடது வட்டம் போடாத அடுப்பு, அது ஏன் சுடும்? இதைக் கேட்க வந்தவர்களுக்கும் தோன்றியதில்லை, அவருக்கும் தோன்றியதில்லை. ஏழு மாதத்தில் பதினோரு தடவை இந்தக் கூத்தை ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன்.

சம்பவ தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் இடது வட்டத்தில் இரும்பு வாணலி வைத்து உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தேன். அது அரைமணி நேரமாக எட்டில் இருந்தது. அப்போது மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பஸ் ஓட்டுநரையும் அவர் மனைவியையும் என் கணவர் உள்ளே கூட்டிவந்தார். அக்காவும் சாப்பிட வந்திருந்தார். கணவர் என்னிடம், “அதை எடு, இடம் வேணும்” என்றார். நான் அடுப்பை அணைத்து வாணலியைத் தூக்கி மரப்பலகையில் வைத்தேன். எண்ணெய் அப்போதும் கொதித்துக்கொண்டிருந்தது. நான் எந்த வட்டத்திலிருந்து எடுத்தேன் என்பதை அவர் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார். நான் மறைத்து எடுக்கவில்லை, வாணலி கைக்குள் அடங்குகிற சாமானும் இல்லை.

அதன் பிறகு அவர் தாளை விரித்து, தண்ணீர் வைத்து, காந்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கை எங்கே போகப்போகிறது என்று எனக்குத் தெரியும் என்பதால், “என்னங்க, அந்தப் பக்கம்” என்று தொடங்கினேன். அவர் என் பக்கம் திரும்பாமலே, “நான் பேசும்போது குறுக்க பேசாதன்னு எத்தனை தடவை சொல்றது” என்றார். அக்கா ஓட்டுநரின் மனைவியிடம், “இவளுக்கு எப்பவும் இப்படித்தான், நீங்க தப்பா நினைச்சுக்காதீங்க” என்றார். கரண்டியைக் கழுவி, துடைத்து, கொக்கியில் மாட்டினேன். தண்ணீர் கொதிக்க இரண்டு நிமிடம் ஆனது. அதன் பிறகு அவர், “இப்ப பாருங்க” என்று சொல்லி, வழக்கம்போல உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு உள்ளங்கையை இடது வட்டத்தில் வைத்தார்.

அவர் கத்திய சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள். ஓட்டுநர்தான் அவரை இழுத்துக் குழாயடியில் கையைக் காட்டினார். அக்கா ஓடிப்போய்ப் பட்டையைப் பிய்த்தார், உள்ளே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து, “இவதான் மறைச்சு வச்சிருக்கா” என்று சொல்லிப் பட்டையைக் குப்பைக்கூடையில் போட்டார். எல்லாரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருக்கும்போது நான் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். அதை இப்போது இங்கே ஒப்படைக்கிறேன். ‘வீண் மின்செலவு. மறைக்கப்பட்டது’ என்று எழுதி, நாலு மாதத்துக்கு முந்தைய தேதியும் என் கணவரின் கையெழுத்தும் இருக்கிறது. யார் ஒட்டியது என்று அக்காவே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்ளலாம்.

இதைப் பார்த்த பிறகு, இந்த வாக்குமூலத்தை எழுதுகிற ஐயா என்னிடம் தணிந்த குரலில், “பட்டை விஷயம் முடிஞ்சது. சூடா இருந்ததைக் கவனிக்கலன்னு மட்டும் ஒரு வரி எழுதிடறேன், நீங்க வீட்டுக்குப் போகலாம்மா” என்றார். வழக்கு என்று ஒன்று வந்தால் கம்பெனியில் மறுநாள் என்னை உள்ளே விடமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வேலை போனால் மூன்று வேளையும் நான் அந்த இரண்டு பேர் முகத்தில் விழித்துக்கொண்டு இருக்கவேண்டும். ஆனாலும் அந்த வரியை எழுத வேண்டாம் என்று சொன்னேன். பத்தொன்பது வருடம் அடுப்படியில் நிற்கிறவள், அரைமணி நேரம் வாணலி காய்ந்த இடம் சுடுமென்று கவனிக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டால் அப்புறம் எனக்கும் என் கணவருக்கும் என்ன வித்தியாசம்? எனக்குத் தெரியும். ஒரு தடவை சொல்ல வந்தேன், அதை ஓட்டுநரின் மனைவி கேட்டார். மறுபடி சொல்ல இரண்டு நிமிடம் இருந்தது, சொல்லவில்லை. ஐயா ‘கோபத்தில்’ என்று எழுதப் போனார். கோபம் இல்லை, அதை அடிக்கச் சொன்னேன். கோபப்பட அங்கே ஆள் வேண்டுமே.

சம்பவத்தன்று ஆஸ்பத்திரியில், கட்டுப் போடுவதற்கு முன் நர்ஸ் மருந்து எடுக்கப் போயிருந்தபோது, கணவர் என்னைப் பார்த்து, “அங்க சூடா இருக்கும்னு உனக்குத் தெரியுமா?” என்றார். கல்யாணமாகி இருபத்தோரு வருடத்தில் ஒரு விஷயம் எனக்குத் தெரியுமா என்று அவர் கேட்டது அதுவே முதல் தடவை. நான், “எனக்கு எப்படிங்க தெரியும், கண்ணாடிதான் சுடாதே” என்று சொன்னேன்.

கணவரிடம் சொன்ன அந்த ஒரு பதில் பொய். அது தவிர மேலே உள்ள எல்லாம் நடந்தது நடந்தபடி, யாரும் சொல்லிக்கொடுக்காமல், என் சுயநினைவில் சொன்னது. எழுதியதைப் படித்துக் காட்டினார்கள், கேட்டேன், சரியாக இருக்கிறது. என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். தேதியும் நானே போட்டேன்.