கொடுத்த கோழியைத் திருப்பிக் கேட்டவள்

"ஹலோ… ஹலோ, அண்ணி? … நான்தான், அகேயோ. … ஆங்… ஆங்… மத்தியானத்துலேர்ந்து அடிச்சுக்கிட்டே இருக்கேன், எடுக்கவே மாட்டேங்கறீங்க. … சந்தைக்குப் போயிட்டு இப்பத்தான் வர்றீங்களா? அண்ணன்? … அவரு முன்னாடியே வந்துட்டாரா. சரி, சரி. கால் அப்புறம் கழுவிக்கலாம் அண்ணி, அந்தக் கோழி எங்க? … கோழி, அண்ணி, கோழி! காலைல நான் கொடுத்து அனுப்புனேனே, செவலைப் பெட்டை. … பையிலயா? இன்னும் பையிலதான் இருக்கா? … அவுத்து விட்டுடாதீங்க. கும்புட்டுக் கேட்டுக்கறேன், அவுத்து விட்டுடாதீங்க."

அகேயோ முற்றத்தின் நடுவில் நின்றாள். அங்கே நின்றால்தான் போன் எடுக்கும். செத்த கோழிகளைச் சாக்கில் போட்டு வைத்திருந்தாள். இன்னொன்று குதிருக்கு அடியில் கழுத்தைப் பின்னால் முறுக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அது இன்னும் சாகவில்லை. ஆகவே சாக்கும் அதற்காகக் காத்திருந்தது.

"ஐயோ, மனசெல்லாம் மாறல அண்ணி. … ஒரு கோழிக்கா நான் அழப்போறேன்? … தெரியும். … தெரியும், கொடுத்ததைத் திருப்பிக் கேக்கக் கூடாது. நான் திருப்பியே கேக்கல. … கொஞ்சம் என்னையும் பேச விடுங்களேன்!"

ஏரிப் பக்கத்து ஊரான போண்டோவில் வாழ்க்கைப்பட்ட அலுவோச், அகேயோவின் கணவனுடைய அக்கா. புதுத் தகரக் கூரையைப் பார்க்கக் கணவன் வெரேயோடு வந்து, தங்கி, அன்று காலையில்தான் கிளம்பிப் போயிருந்தாள். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவது அங்கே வழக்கமில்லை. காலைக் கட்டிய கோழி ஒன்று கூடப் போக வேண்டும். அதை அறுக்கவும் கூடாது. அது போன இடத்தில் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, கொடுத்த வீட்டின் பேரைச் சொல்ல வேண்டும். அப்படிக் கொடுத்த கோழியைப் பற்றி மறுபடி பேச்செடுத்தவளை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை.

"இங்க கோழியெல்லாம் சாவுது அண்ணி. … ஆமா. … இன்னிக்குத்தான். நீங்க வண்டி ஏறுன கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சுது. மொதல்ல அந்தக் கறுப்புச் சேவல். அப்புறம் அடையில இருந்தது. கழுத்து அப்படியே முறுக்கிக்குது, பச்சைப் பச்சையாக் கழியுது. … ஆமா, அதேதான், கழிச்சல். கால்நடை ஆளைக் கூப்பிட்டேன், வாசல்லயே நின்னு பார்த்துட்டுச் சொல்லிட்டாரு. … மருந்தா? மழைக்கு முன்னாடி போடணும்னு இருந்தேன்… போட்டிருக்கணும்… சரி, போடல! போதுமா? போடல."

அலுவோச் சத்தம் போட்டாள். அகேயோ போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து நீங்க தின்னதா? அது நல்ல கோழி அண்ணி! … மனுசங்களை ஒண்ணும் பண்ணாதாம், கேட்டுட்டேன். … என்ன பேச்சு பேசறீங்க? இரைப்பையை அண்ணனுக்குன்னு மரியாதையாத் தனியா எடுத்து வெச்சேனே, பார்க்கலையா? கெடுக்கணும்னு நினைக்கறவ இரைப்பையை எடுத்து வெப்பாளா?"

அலுவோச்சிடம் இருந்ததெல்லாம் கோழிதான். வெரே முன்பு ஏரியில் வலை போட்டவர். முதுகு போன பிறகு கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் படகுக்குக் குறை சொல்கிறவராகிவிட்டார். அந்த வீட்டில் அடுப்பு எரிவதும், மகள் கிசுமுவில் நர்சுக்குப் படிப்பதும் கோழிகளின் புண்ணியம். பொழுது சாய்ந்தால் அவை சமையல் குடிசைக்குள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு அடையும். பொழுது சாய்ந்துகொண்டுதான் இருந்தது.

"எதனால வந்துச்சா? உங்க தம்பியாலதான். … சேச்சே, அவரு இல்ல. அவரு நைவாஷா பூந்தோட்டத்துல கூலிக்குப் பூ வெட்டிக்கிட்டுக் கெடக்காரு, இந்தப் பாவம் மட்டும் அவரு தலையில இல்ல. சின்னவன், ஓதெரா. அவனும் அவன் காடையும். … அந்தக் கம்பம்தான். கோழி மேயற எடத்துல நடாதடான்னு தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டானா?"

காடை பிடிக்கிறவர்கள் ஊருக்கு வெளியே, வயல் ஓரத்தில் கம்பம் நடுவார்கள். கம்பத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகப் புல்லில் பின்னிய கூடைகள். கூடைக்கு ஒரு காடை. விடியலிலும் அந்தியிலும் அவை கூவும். அதைக் கேட்டு வருகிற காட்டுக் காடைகள் கீழே கண்ணியில் மாட்டும். ஓதெராவுக்கு வயல்வரை நடக்கச் சோம்பல். கம்பத்தை முற்றத்திலேயே நட்டுவிட்டான். கூடைகளிலிருந்து கேழ்வரகு சிந்தியது, எச்சமும் சிந்தியது. கோழிகள் இரண்டையும் பிரித்துப் பார்த்துத் தின்னவில்லை.

"அதையேதான் அவனும் கேக்குறான். காடை ஒண்ணுமே சாகலையே, காடை ஒண்ணுமே சாகலையேன்னு. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே மூளை. … கோவிச்சுக்காதீங்க. கால்நடை ஆளு என்ன சொன்னாருன்னா, காடை உடம்புல அந்த நோய் இருக்குமாம், அதை ஒண்ணும் செய்யாதாம். அது பாட்டுக்குத் தின்னும், கூவும், மினுமினுன்னு இருக்கும். கீழ நிக்கற கோழிதான் சாகும். … ஆமா. … எனக்கும் இன்னிக்குத்தான் தெரியும்."

ஓதெரா வேலியோரம் குந்தியிருந்தான். எதிரில் சாய்த்துப் போட்ட கம்பம். அதிலிருந்து கூடைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தான். எழவு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவனைப் போல மெதுவாக.

"டேய், அதைக் கொளுத்துன்னுதானே சொன்னேன்? தடவிக் கொடுக்கவா சொன்னேன்? … உங்ககிட்ட இல்ல அண்ணி, இவன்கிட்ட. … எல்லாக் காடையையும் கழுத்தைத் திருகிப் போட்டாச்சு. சீஃப் மட்டும் தப்பிச்சுருச்சாம், பறந்துருச்சாம். … காடைக்குப் பேரு அண்ணி. நாளு முழுக்கக் கத்தும், ஒரு வேலையும் பார்க்காது, நம்ம ஊரு அதிகாரி மாதிரி, அதான் சீஃப். … சிரிங்க, சிரிங்க. தினம் விடியறதுக்கு முன்னாடி என் தலைமாட்டுல கத்துனப்பத் தெரிஞ்சிருக்கும். மத்ததெல்லாம் மூணு தரம் கூவிட்டு விட்டுரும். இது மூணு கூவிட்டு, கடைசில ஒண்ணை இழுக்கும் பாருங்க, வரி கட்டலையான்னு கேக்குற மாதிரி. அண்ணனுக்குத்தான் அது மேல ஆசை. வந்ததுலேர்ந்து கம்பத்தடியிலயே உக்காந்திருந்தாரே."

சிரிப்பு சட்டென்று நின்றது. போன் வெரேயின் கைக்கு மாறியது. அகேயோ தலைத்துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். அங்கே யாரும் பார்க்கப்போவதில்லை, இருந்தாலும்.

"அண்ணே! … நல்லாருக்கேன் அண்ணே. … இல்ல, எங்க நல்லாருக்கறது. … கேவலப்படுத்தணும்னு இல்ல அண்ணே. … இல்ல, கொண்டு வர வேணாம். அங்கேயே அறுத்து ஆழமாப் புதைச்சுருங்க. தின்ன வேணாம், றெக்கையக்கூட வெளிய போட வேணாம். … தெரியும் அண்ணே, கொடுத்த கோழியை அறுக்கச் சொல்றது தப்புன்னு எனக்கும் தெரியும். தப்பு என் தலைலயே இருக்கட்டும். … பதிலுக்கு வேற கோழி தர்றேன். … எங்கேருந்தா…"

அவள் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். குதிரடியில் கிடந்தது காலை ஒருமுறை உதைத்தது.

"எங்கேருந்தாவது தர்றேன். … அப்படிச் சொல்லாதீங்க. … இல்ல அண்ணே, கஞ்சத்தனம் இல்ல. … அண்ணிகிட்ட கொடுங்க. … கொடுங்க அண்ணே. … ஹலோ. அண்ணி? … சரி. நம்ப வேணாம், நீங்களே பாருங்க. பையோட அடியில எச்சம் என்ன நிறம்? … நல்லாப் பாருங்க, பச்சையா? … சாதாரணமா இருக்கா. கண்ணு? … மூக்குல ஏதாவது ஒழுகுதா? … ஒரு வேலை செய்யுங்க, கோழியை வெளிய வெளிச்சத்துக்குத் தூக்கிட்டு வாங்க. போனை அது மூக்குகிட்ட வைங்க. மூச்சைக் கேக்கணும். … கோழிகிட்டதான்! பேசறதுக்கு இல்ல, கேக்கறதுக்கு! … வைங்க."

மறு காதை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டாள். காற்று, கதவின் கிறீச்சொலி, செருப்புச் சத்தம். பிறகு கோழியின் மூச்சு, மிக அருகில். கரகரப்பு இல்லை. இழுப்பு இல்லை. பையில் அடைபட்ட கோபத்தில் மட்டும் அது ஒருமுறை கொக்கரித்தது. சுத்தமான மூச்சு.

அகேயோ அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். நாள் முழுக்க இப்போதுதான் உட்கார்கிறாள்.

"அண்ணி… நல்லாத்தான் இருக்கு போல. … ஆமா, சொன்னீங்க. … நீங்க சொன்னதுதான் சரி, போதுமா? ஆனாலும் இன்னிக்கு அதுங்களோட விடாதீங்க, தனியா ஒரு கூடையைப் போட்டுக் கவுத்து…"

நிறுத்தினாள்.

அலுவோச்சின் குரலுக்குப் பின்னால், போண்டோவின் அந்தி வெளிச்சத்திலிருந்து, மூன்று கூவல். பிறகு ஒன்று, நீளமாக இழுத்து.

அகேயோ தலையைத் திருப்பிக் கம்பத்தைப் பார்த்தாள். ஓதெராவின் கை அவிழ்ப்பதை நிறுத்தியிருந்தது. கம்பத்தின் நுனியில் கூடை கட்டியிருந்த கயிறு மட்டும் கிடந்தது. சீஃப்பின் கூடையைக் காணோம். பறந்துபோகிற காடை தன் கூடையைத் தூக்கிக்கொண்டு போகாது.

"அண்ணி, அது என்ன சத்தம்? … அதோ! இப்பக் கூவுச்சே! … கோழி இல்ல, காடை. அண்ணி, உங்க வீட்டுப் பின்னால காடை கூவுது. … நீங்க பார்க்கலையா? … போய்ப் பாருங்க. ஓடுங்க. … டேய் ஓதெரா, யாருகிட்டடா கொடுத்த? வாயத் தொறடா! … பார்த்தீங்களா? … என்ன கம்பம்? … அண்ணன் நட்டாரா? எப்ப? … வந்ததுமேயா? … அதை எறக்குங்க அண்ணி, கழுத்தைத் திருகுங்க, யோசிக்காதீங்க, அதுதான், கோழி இல்ல, அதுதான்… ஹலோ? … அண்ணே. … அண்ணே, நான் சொல்றதை… ஆமா, அவன் உங்களுக்குன்னு கொடுத்ததுதான். … ஆம்பளைக்கு ஆம்பளை கொடுத்தது, நான் நடுவுல வரல. … தெரியும் அண்ணே, முதுகு போனதுக்கப்புறம் உங்களுக்குன்னு ஒண்ணுமில்லன்னு தெரியும். … இல்ல, ஒவ்வொண்ணாத் திருப்பிக் கேக்கல. … தின்னதைக் கக்கச் சொல்லல அண்ணே! அந்தக் காடைக்கு உள்ள… கேளுங்க, ஒரே ஒண்ணு மட்டும் கேக்கறேன். கோவப்படாம சொல்லுங்க. கம்பத்தை எங்க நட்டிருக்கீங்க? … சமையல் குடிசைகிட்டயா? … அண்ணே, இப்பக் கம்பத்துக்குக் கீழ என்ன நிக்குது?"

சீஃப் மறுபடி மூன்று கூவி ஒன்றை இழுத்தது. அதற்கும் கீழே, தரையோரத்தில், இரை கண்ட பெட்டைக் கோழிகள் ஒன்றையொன்று கூப்பிடும் அந்தச் சின்னக் கொக்கொக் சத்தம், நிறைய, நிறைய.

லைன் துண்டிக்கப்பட்டது.