‘கருநீரோட்டம்’ கப்பலின் காற்றறைப் பொத்தானை அழுத்தியது பற்றி

என் பெயர் லியாவ் சியூ-சின். வயது அறுபத்து மூன்று. காவ்சியுங் நகரம் சீஜின் தீவில், படகுத்துறைக்குப் பின்புறத் தெருவில் தங்கை வீட்டில் குடியிருக்கிறேன். நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றபின் ‘கருநீரோட்டம்’ என்னும் விண்மீன் கப்பலில் சரக்கறைப் பொறுப்பாளராக வேலை பார்த்து வருகிறேன். அந்தக் கப்பலில் நாசவேலை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, இப்போது துறைமுக மருத்துவமனையில் போலீஸ் காவலில் நினைவின்றி இருக்கும் இரண்டாம் பொறியாளர் சோக் ஹே-ரிம் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சோக் ஹே-ரிம் கொரியாவில் மொக்போ ஊரைச் சேர்ந்த பெண். கப்பலில் இருந்த ஏழு பேரில் அவர் ஒருவர்தான் வெளியூர். அவருக்கு மேலே தலைமைப் பொறியாளர் தெங் குவோ-ஷு, எல்லோருக்கும் மேலே கேப்டன் சுவாங் மிங்-தே. காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் இருக்கும் அறைக்கு, அதாவது காற்றறைக்கு, இந்த மூவரிடம் மட்டுமே சாவி உண்டு.

எங்கள் ஊரில் நின்றுவிடக் கூடாத எந்த இயந்திரத்தின் மேலும் பச்சை உறைச் சோளப்பொரிப் பொட்டலம் ஒன்றை வைப்போம். வைத்தால் இயந்திரம் சொன்னபடி கேட்கும் என்பது நம்பிக்கை. உறை பச்சையாகத்தான் இருக்க வேண்டும், நாள் கடந்திருக்கக் கூடாது, யாரும் தின்னக் கூடாது. இந்த வாக்குமூலத்தை எழுதும் போலீஸ் ஐயாவுக்கு இது தெரியும், உங்கள் மேஜைக் கணினி மேலும் ஒன்று இருக்கிறது. எழுத்தில் வரட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். காற்றியந்திரத்தின் மேலும் தெங் ஒரு பொட்டலம் வைத்திருந்தார். திரும்பும் பயணத்தின் தொடக்கத்தில் ஹே-ரிம் வேலை முடிந்த பசியில் அதைப் பிரித்துத் தின்றுவிட்டார். தெங் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னும், “சாமிக்கு வச்சதை எடுத்துத் திங்கிற ஆளை இப்பதான்மா பாக்குறேன்” என்றார். ஹே-ரிம் சிரித்துக்கொண்டே, “உங்க சாமி கொஞ்சம் உப்பு கம்மியா சாப்பிடுது அண்ணே” என்றார். தெங் சிரிக்கவில்லை.

அதன் பிறகு தெங் என்னிடம் புதிய பொட்டலம் வாங்கிப்போய், இந்தமுறை எளிதில் எடுக்க முடியாதபடி, இயந்திரத்தின் முகப்புக்கும் அதன் குறுக்கே ஓடும் குழாய்க்கும் நடுவிலுள்ள இடுக்கில் செருகி வைத்தார். அந்த முகப்பில்தான் இயந்திரத்தை அவசரமாக நிறுத்தும் சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அதன் மூடி முந்தின பயணத்திலேயே உடைந்து, மாற்றப்படாமல் இருந்தது. பொத்தானை அழுத்தினால் உள்ளேயே நின்றுவிடும், கையால் திருகினால்தான் வெளியே வரும்.

அதன் பிறகு வெளிப்புறத் தட்டு ஒன்றைச் சரிசெய்ய இருவர் கப்பலுக்கு வெளியே இறங்க வேண்டியிருந்தது. அப்படி இறங்குமுன் கப்பல் முழுவதும் காற்றழுத்தத்தைக் குறைப்பது வழக்கம். இல்லாவிட்டால் வெளியே போகிறவர் உடம்பு தாங்காது. அழுத்தம் குறைந்துகொண்டிருந்தபோது காற்றியந்திரம் நின்று அபாய மணி அடித்தது. மணி அடித்தால் கப்பல் தானாகவே அழுத்தத்தைப் பழைய நிலைக்கு ஏற்றிவிடும். அது ஏறி முடிந்தபின் தெங் காற்றறையைத் திறந்து பார்த்தபோது சிவப்புப் பொத்தான் உள்ளே அழுந்தியிருந்தது. அறையில் யாரும் இல்லை. கேப்டன் எல்லோரையும் விசாரித்தார். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

தின்ற பாவம்தான் என்று தெங் நம்பினார். அதன் பிறகு அதே இடுக்கில் இன்னும் இரண்டு பொட்டலங்களைத் திணித்தார். அடுத்தமுறை ஆட்கள் வெளியே இறங்க ஆயத்தமானபோது இயந்திரம் மறுபடி நின்றது. இம்முறை உடனே ஓடவில்லை. காற்று கனத்து, எனக்குக் கண் இருட்டியது. சமையல்காரர் மயங்கி விழுந்து நெற்றியில் தையல் போடும்படி ஆயிற்று. பொத்தான் அன்றும் அழுந்தியிருந்தது. அதற்குச் சற்று முன்னால் ஹே-ரிம் காற்றறையிலிருந்து வெளியே வந்ததை நானும் பார்த்தேன். வடிகட்டியைப் பார்க்கப் போனேன் என்று அவர் சொன்னார். நான் பார்த்ததைக் கேப்டன் கேட்டார், சொன்னேன்.

அதன் பிறகு கேப்டன் ஹே-ரிம் மீது நாசவேலைப் புகாரைத் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டு, ஊர் சேரும்வரை அவரை நெடுந்தூக்கத்தில் ஆழ்த்தும் துயிற்பேழையில் வைப்பது என்று முடிவு செய்தார். துயிற்பேழையை ஒருமுறை மூடிவிட்டால் துறைமுக மருத்துவமனையில்தான் திறக்க முடியும். ஹே-ரிமுக்கு மூச்சிரைப்பு உண்டு, விழிக்காமலே போகவும் கூடும் என்று கப்பல் மருத்துவர் சொன்னார். கேப்டன், “ஆறு பேர் மூச்சா, ஒருத்தர் மூச்சா, நீங்களே சொல்லுங்க டாக்டர்” என்று கேட்டார். தெங் சரி என்றார். ஹே-ரிம் அழவில்லை. காலணியைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்துவிட்டு, “ஏழு பேர்ல ஒரு குற்றவாளி வேணும்னா வெளியூர்க்காரி கைக்கு அடக்கமா இருப்பா, இல்லையா கேப்டன்?” என்று மட்டும் கேட்டார். கேப்டன்தான் தம் கையால் மூடியை இழுத்து அடைத்தார்.

அதன் பிறகு வெளிவேலையை முடிக்க மறுபடி ஆள் இறங்க வேண்டி வந்தது. ஹே-ரிமுக்கு உடந்தையாக வேறு யாரும் இருக்கலாம் என்று கேப்டன் நினைத்தார். எனக்கு இயந்திரம் எதுவும் தெரியாது என்பதால் என்னைக் காற்றறைக்குள் காவலுக்கு உட்காரவைத்து வெளியே பூட்டிச் சாவியைத் தாமே வைத்துக்கொண்டார். நான் பொத்தானுக்கு நேர் எதிரே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். அழுத்தம் குறையத் தொடங்கியதும் காது அடைத்தது. அப்போது இடுக்கில் இருந்த மூன்று பொட்டலங்களும் மெல்ல உப்பத் தொடங்கின. அடிவாரத்தில் வாங்கிய பொட்டலம் அலிமலைக்கு ஏறும் பேருந்தில் தலையணைபோல் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே காற்று மெலிந்தால் உறைக்குள் அடைபட்ட காற்று விரியும். நானே வகுப்பில் எத்தனையோ முறை இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மேலே குழாய் விடவில்லை, பக்கத்தில் இடமில்லை. நடுப்பொட்டலம் பொத்தானின் மேல் படிந்து அழுத்தியது. பொத்தான் உள்ளே போனது. இயந்திரம் நின்றது. மணி அடித்தது.

கதவு திறக்கும்போது அழுத்தம் ஏறிப் பொட்டலங்கள் பழையபடி சுருங்கிவிட்டிருந்தன. தெங் என் முகத்தைப் பார்க்குமுன் என் கைகளைப் பார்த்தார். கேப்டன், “நீங்களா டீச்சர்?” என்றார். பூட்டிய அறைக்குள் நான் ஒருத்திதான் இருந்தேன். ஹே-ரிமுக்குப் பக்கத்தில் இன்னொரு பேழை காலியாக இருப்பது எனக்கு நினைவு வந்தது. நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “எதையும் தொடாதீங்க. பொத்தானை மட்டும் திருகி விட்டுட்டு, நீங்க ரெண்டு பேரும் இங்கேயே நின்னு மறுபடி அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்க” என்றேன். கேப்டன் சம்மதித்தார். மூவரும் நின்று பார்த்தோம். பொட்டலம் உப்பிப் பொத்தானை அழுத்தியது. தெங் அப்படியே தரையில் குந்தி, “காப்பாத்தத்தானே வச்சேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதன் பிறகு பொட்டலங்களை எடுத்துவிட்டு அழுத்தத்தைக் குறைத்தோம். இயந்திரம் நிற்கவில்லை. ஊர் சேரும்வரை ஒருமுறையும் நிற்கவில்லை.

அதன் பிறகு கேப்டன் என்னைத் தனியே அழைத்தார். “பொத்தான்ல கோளாறுன்னு சொல்லிடுங்க டீச்சர். பொரிப் பொட்டலத்தால ஒரு பொண்ணை அடைச்சு வச்சேன்னு தெரிஞ்சா எனக்கு அப்புறம் யாரும் கப்பல் தரமாட்டாங்க” என்றார். பொத்தானைப் பராமரிக்கும் வேலை ஹே-ரிமுடையது. பொத்தானில் கோளாறு என்று நான் சொன்னால் பழி மறுபடி அவர் தலையில்தான் விழும். ஆகவே மாட்டேன் என்றேன். கேப்டன் கெட்டவர் அல்ல. சமையல்காரர் மயங்கிய அன்று தம் பிராணவாயு முகமூடியைக் கழற்றி அவருக்கு மாட்டியவர். ஆனாலும் புகாரை அவர் இதுவரை திரும்பப் பெறவில்லை.

இன்று காலை மருத்துவமனைக்குப் போனேன். ஹே-ரிம் மூச்சு சீராக இருக்கிறது, மாலைக்குள் விழிப்பார் என்றார்கள். அவருடைய இடது கை கட்டிலோடு விலங்கிடப்பட்டிருக்கிறது. எங்களுக்கு மாதங்கள் ஓடிவிட்டன. அவருக்கோ கேப்டன் மூடியை அடைத்தது இப்போதுதான் நடந்ததாக இருக்கும், கண் விழித்ததும் விலங்கைத்தான் பார்ப்பார். புகார் கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தால்தான் விலங்கைக் கழற்றுவோம் என்று காவலர் சொன்னார். கேப்டனிடம் சொன்னேன். முதலில் நீங்கள் போய்ச் சொல்லுங்கள், எனக்கு வாய் வரவில்லை என்றார். அவர் உங்கள் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மாலைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நான் கையெழுத்திட்டதும் அவரை உள்ளே கூப்பிடுங்கள்.

மேலே உள்ளவை நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. யார் வற்புறுத்தலும் இல்லாமல் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) லியாவ் சியூ-சின்